முழங்காலுக்கு மேல் தண்ணீர்: திண்டிவனம் வட்டார மீன்பிடி உடுப்பு பற்றிய ஓர் ஆராய்ச்சி

எயிற்பட்டினத்துக்குப் போனால் சுட்ட குழல்மீன் கிடைக்கும் என்று சிறுபாணாற்றுப்படை பாணனுக்கு வழி சொல்கிறது. எயிற்பட்டினம் என்பது இன்றைய மரக்காணம் என்றும், பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடனின் கிடங்கில் என்பது திண்டிவனத்துக்குள் இருக்கும் கிடங்கல்தான் என்றும் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். கூடக் குடிக்க என்ன கிடைக்கும், அதை வடித்தது யார் என்பதெல்லாம் பாட்டில் இருக்கிறது. ஆனால் அந்த மீனைப் பிடித்தவர் இடுப்புக்குக் கீழே என்ன உடுத்தியிருந்தார்? புலவர் நத்தத்தனார் மூச்சு விடவில்லை. உரை எழுதிய நச்சினார்க்கினியரும் கண்டுகொள்ளவில்லை. தமிழாய்வில் இவ்வளவு பெரிய ஓட்டை இத்தனை நூற்றாண்டுகள் அடைபடாமல் கிடந்தது வியப்புக்குரியது. அதை அடைக்க இவ்வாய்வாளர் சொந்தச் செலவில் ஏரியில் இறங்கினார். ஒதுக்கீடு 2000 ரூபாய். வீட்டில் அனுமதி கிடைத்தது 1500-க்கு.

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துவிடலாம். அடியில் பூட்ஸோடு ஒட்டிப் பிறந்து, தொடையைக் கடந்து, நெஞ்சு வரை ஏறி, தோளில் இரண்டு வாரால் தொங்கும் தண்ணீர் புகாத கால்சட்டை அது. மேலை நாடுகளில் ஆற்றுக்குள் நின்று தூண்டில் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது. தமிழில் இதற்குப் பெயர் இல்லையே என்ற கவலையில் ‘நீர்புகாக் காலுடை’ என்று ஒன்றைச் செய்து, ஏரிக்கரையில் வீச்சு வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் நிமிர்ந்தார். “கம்பூட்ஸ் பேண்ட்டுன்னு சொல்லுங்க சார், புரியும்” என்றார். கலைச்சொல்லாக்கக் குழு அத்துடன் கலைந்தது.

இவ்வட்டாரத்தின் மிகப் பழைய மீன்பிடி உடுப்பு கோவணம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு விலையில்தான். கோவணம் மலிவானது என்று பலர் நினைக்கிறார்கள். பெரியபுராணத்தைப் புரட்டினால் நிலைமை வேறு. சிவனடியார் கொடுத்துவைத்த கோவணம் காணாமல் போக, அதன் எடைக்கு எடை தருவதாக ஒப்புக்கொண்ட துணி வணிகர் அமர்நீதி நாயனார், கடையிலிருந்த துணி, பொன் என்று எல்லாவற்றையும் தராசில் ஏற்றினார். தட்டு இறங்கவில்லை. கடைசியில் மனைவி மகனோடு தானே ஏறி உட்கார வேண்டியதாயிற்று. குறைந்த பட்ஜெட்காரர்கள் கோவணம் இரவல் வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது.

கோவணத்துக்குப் பின் பட்டாபட்டி டிராயர், அதன் மேல் லுங்கி. லுங்கியை இவ்வாய்வு சற்று அருகே போய்ப் பார்த்தது. கரையில் நிற்கிறவரை அது முழு நீளம். சேறு வந்ததும் அடிக்கரையைக் காலாலேயே எட்டி உதைத்து மேலே கிளப்பி, கையில் பிடித்து, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுகிறார்கள். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் முனைகளைத் தொடைக்கு நடுவே கொடுத்துப் பின்னால் செருகினால் அதுவே டிராயர். தண்ணீர் தொடையைத் தாண்டினால் அவிழ்த்து உருட்டித் தலையில் வைத்தால் சும்மாடு. அதன் மேல் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் செல்போனும் பாலிதீன் பையில். கரையேறியதும் துவட்டத் துண்டு, மீன் மிஞ்சினால் மூட்டை. தண்ணீரின் ஆழத்துக்குத் தக்கபடி அளவு மாறும் உடுப்பு உலகில் வேறெங்கும் இருப்பதாக இவ்வாய்வாளருக்குத் தெரியவில்லை. ஒரே குறை: தண்ணீர் புகும். அதைக் குறையாக நினைப்பது இவ்வாய்வாளர் மட்டுமே.

கம்பூட்ஸ் பேண்ட்டின் வரலாறு குளிரின் வரலாறு. சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சுட்டுப் பதப்படுத்தும் முறைக்கு 1844-இல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகுதான் வெயிலில் இளகாத, பனியில் உடையாத ரப்பர் உடைகள் சாத்தியமாயின. 1930-இல் நியோப்ரீன் வந்தது. உடம்புச் சூட்டை வெளியே விடாது. 1969-இல் கோர்டெக்ஸ் பிறந்தது. வியர்வை ஆவியை வெளியே விடும், தண்ணீரை உள்ளே விடாது. பனி உருகி வரும் ஆற்றில் இடுப்பளவு நிற்கும் மனிதனைக் காப்பாற்ற இத்தனை பேர் மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் ஏரித் தண்ணீர் வெந்நீராகிக் கெண்டையே மூச்சு வாங்கும் ஊரில் இந்த மூளைக் கசக்கலுக்கு என்ன பயன் என்பதே இவ்வாய்வின் மையக் கேள்வி. நியோப்ரீனை இங்கே மாட்டிக்கொண்டு அரை மணி நின்றால் மீன் கிடைக்கிறதோ இல்லையோ, உள்ளே இருப்பவர் இட்லியாகிவிடுவார்.

இங்கே எதிரி குளிர் அல்ல. எதிரி சீமைக் கருவேல முள். இதை அறியாதவர் திண்டிவனம் பக்கம் நீடித்து உழைக்கும் உடுப்பு பற்றிப் பேசத் தகுதியற்றவர். கோடையில் ஏரி காயும்போது கருவேலம் உள்ளே இறங்கி வளர்கிறது. மழையில் ஏரி நிரம்பியதும் அது தண்ணீருக்கடியில் போய்ச் சேற்றில் முள்ளை நிமிர்த்திக்கொண்டு காத்திருக்கிறது. ஹவாய் செருப்பின் அடியில் குத்தி மேலே எட்டிப் பார்க்கும் முள் அது. கூடவே உடைந்த குவார்ட்டர் பாட்டில். இது எந்தப் பருவத்திலும் வளரும். ஆகவே வெளிநாட்டு விளம்பரங்களில் சொல்லும் வழுக்குப் பாறை, நீரோட்டம், குளிர் காற்று எல்லாவற்றையும் அடித்துவிட்டு, உள்ளங்கால் ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்ளவேண்டும்.

முதல் சோதனை வெறும் கம்பூட்ஸ். மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் பேரம் பேசி வாங்கினேன். முள் ஏறவில்லை, அந்த வகையில் வெற்றி. ஆனால் பத்தாவது அடியில் பூட்ஸ் சேற்றில் நின்றுவிட்டது, கால் மட்டும் முன்னே போயிற்று. காரணம் எளிது. சேறு பூட்ஸைச் சுற்றி இறுக மூடிக்கொள்வதால், தூக்கும்போது அடியில் காற்றோ தண்ணீரோ புக வழியில்லை. வெற்றிடம் பிடித்து இழுக்கிறது. வெறுங்காலுக்கு இந்தத் தொல்லை குறைவு. விரல் விரிந்து சுருங்குகிற சந்தில் தண்ணீர் புகுந்து பிடியை விடுவிக்கிறது. நடவு நடுகிறவர்கள் ஏன் கம்பூட்ஸ் போடுவதில்லை என்ற கேள்விக்கு இவ்வாய்வாளர் ஒற்றைக் காலில் நின்றபடி விடை கண்டார்.

இரண்டாவது சோதனைதான் கம்பூட்ஸ் பேண்ட். பி.வி.சி. ரகம், பச்சை நிறம், போனில் பார்த்து வரவழைத்தது. அனுமதித்த தொகைக்குள் வந்தது என்பதே அதன் தலையாய குணம். போட்டுப் பார்க்கும்போது நின்று பார்த்தேன். அது முதல் தவறு. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்திருக்கவேண்டும். ஏரியில் மீன் பிடிக்கிறவன் பாதி நேரம் குனிந்தும் உட்கார்ந்தும்தான் இருக்கிறான். உட்கார்ந்ததும் தொடைச் சந்துத் தையல் “டிர்ர்” என்றது. வாங்க நினைப்பவர்கள் மூன்று இடங்களைத் தடவிப் பார்க்கவேண்டும்: தொடைச் சந்து, முழங்கால் மடிப்பு, பூட்ஸும் பேண்ட்டும் சேருமிடம். மலிவு உடுப்பு கிழிவது பெரும்பாலும் இங்கேதான். தையல் போட்டு மேலே பட்டி ஒட்டியதைவிட, சூட்டில் உருக்கி இணைத்தது நெடுநாள் தாங்கும். இடுப்பைச் சுற்றி பெல்ட் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். தவறி விழுந்தால் தண்ணீர் சரசரவென்று உள்ளே இறங்காமல் அதுதான் தடுக்கும்.

உள்ளே தண்ணீர் நிரம்பினால் அது இழுத்துக்கொண்டு போய் அமுக்கிவிடும் என்று கரையில் இருந்த எல்லோரும் எச்சரித்தார்கள். இது முழுக்கச் சரியல்ல. தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்குத் தனி எடை இல்லை. எடை தெரிவது கரையேறும்போதுதான். இரண்டு காலிலும் இரண்டு குடம் தண்ணீரோடு, நாலு பேர் கைகொடுத்து, பிள்ளைத்தாய்ச்சி போல இவ்வாய்வாளர் கரையேறிய காட்சியைச் செல்போனில் பிடித்த சிறுவன் அதை இன்னும் அழிக்கவில்லை.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. இருட்டறையில் உடுப்புக்குள் டார்ச்சை விட்டு மெல்ல நகர்த்தினால் ஊசித்துளையும் நட்சத்திரம் போல மின்னும். என் உடுப்பில் கிட்டத்தட்ட சப்தரிஷி மண்டலம் தெரிந்தது. சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, டியூப் துண்டை ஒட்டிவிட்டு, “இது ரப்பர் இல்ல சார், நிக்காது” என்றார். நிற்கவில்லை. அந்தச் சொலூஷன் ரப்பருக்கானது, பி.வி.சி.க்கு பி.வி.சி. ஒட்டுகிற பசைதான் பிடிக்கும். இந்த உண்மையைக் கண்டறிய மூன்று பஞ்சர் செலவாயிற்று. வெயிலில் மடித்துப் போட்டால் பி.வி.சி. விறைத்து மடிப்பில் வெடிக்கும் என்பதால், உள்புறம் வெளியே வரத் திருப்பி உலர்த்தி, நிழலில் பூட்ஸ் மேலே இருக்கும்படி தலைகீழாகத் தொங்கவிடவேண்டும். முதல் நாள் இரவு கொல்லைப்பக்கம் வந்த பால்காரர் அலறியதை இங்கே விரிக்கவில்லை.

ஆய்வின் நடுவே இயற்கை ஒரு பெரும் சோதனைக்கூடம் அமைத்துக் கொடுத்ததையும் சொல்லவேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. என் கம்பூட்ஸின் உயரத்தை அளந்தேன், 38 செ.மீ. பூட்ஸைவிட உயரமான மழைக்கு எந்த பூட்ஸ் ஆகும்? நல்லியக்கோடன் காலத்து உடைக்கே மொத்த மாவட்டமும் அன்று திரும்பியது. ஆனால் இடுப்பளவு நீரில் மடித்துக் கட்டிய லுங்கியோடு நடந்தவர்களில் எத்தனை பேர் காலில் புண் இருந்தது, அந்த நீரில் எலி மூத்திரமும் கலந்திருந்தது என்பது சிரிப்புக்குரிய விஷயமல்ல. எலிக்காய்ச்சல் நுழையும் முக்கிய வழிகளில் ஒன்று அந்தப் புண். வெள்ள நீரில் இறங்கத்தான் இந்தப் பச்சை உடுப்பு உண்மையில் லாயக்கு, மீனுக்கு அல்ல.

இன்னொன்றும் இந்த ஆய்வின் மிடுக்கைக் கொஞ்சம் குறைத்தது. மரக்காணத்துக்குத் தெற்கே கழுவெளி இருக்கிறது. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெரிய உவர்நீர் நிலம். அங்கே வரும் பூநாரைகளுக்கு இயற்கையே நீண்ட கம்பூட்ஸ் கொடுத்திருக்கிறது என்று ஒரு பத்தி எழுதத் திட்டமிட்டிருந்தேன். ஆனால் பழவேற்காடு முதல் பிச்சாவரம் வரை உப்பங்கழிகளில் இருளர் பெண்கள் இறால் பிடிக்கும் விதம் நினைவுக்கு வந்தது. கழுத்தளவு நீரில் உட்கார்ந்தும் தவழ்ந்தும், பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். நாள் முழுக்க நனைந்த சேலை. குட்இயர் தொடங்கி இத்தனை ஆண்டுகளில் அவர்கள் அளவுக்கு ஒரு உடுப்பை யாரும் வெட்டியதாகத் தெரியவில்லை. பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவனுக்குத்தான் சந்தையில் விதவிதமான அளவு இருக்கிறது.

சரி, முடிவு. பணம் குறைவென்றால் இருப்பதைக் காலடியில் போடுங்கள், மேலே மிச்சம் பிடியுங்கள். பையனோ பெண்ணோ பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடுக்குப் போட்டுப் பழசான கேன்வாஸ் ஷூ உங்கள் அளவுக்கு இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் புதிதாக வாங்கினாலும் பெரிய செலவில்லை. கயிற்றை இறுக்கிக் கட்டினால் சேறு பிடுங்காது. தண்ணீர் புகும், அப்படியே வெளியேறவும் செய்யும். அடியில் பழைய டயர் ரப்பரை வெட்டி ஒட்டச் சொன்னால் செருப்புத் தைக்கிறவர் செய்துகொடுப்பார், முள்ளும் தாங்கும். மேலே பட்டாபட்டி. கரையேறியதும் விரல் இடுக்கை நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். சேற்றுப்புண்ணுக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. காலில் வெட்டுக்காயம் இருக்கும் அன்று இறங்காதீர்கள், விரால் துள்ளினாலும்.

பச்சை உடுப்பு இன்னும் எங்கள் வீட்டுக் கொல்லையில் தலைகீழாகத் தொங்குகிறது. பூட்ஸ் எண் 9, பெல்ட் உண்டு, தொடைச் சந்துத் தையல் மறுபடி போட்டது. அளவு சரியாக இருந்தால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த புயலுக்கு முன்னால் வந்தால் நல்லது.