வதன அஸ்திவார விசாரம்

அஸ்திவாரம் என்றால் மண்ணைத் தோண்டிக் கருங்கல் நிரப்புவது என்றே இதுகாறும் நம்பியிருந்த எனக்கு, ராசிபுரத்திலிருந்து சேலத்திற்கு நாள்தோறும் பஸ் ஏறிப் போய்ப் பள்ளியில் பாடம் சொல்லும் என் தமக்கை மகள், "மாமா, ஃபேன்ஸி ஸ்டோர்ல ஒரு ஃபவுண்டேஷன் வாங்கியாங்க, 200 ரூபாய்க்கு மேல வேண்டாம், பூசுனதே தெரியக்கூடாது" என்று விண்ணப்பித்த அன்றுதான், முகத்திற்கும் அஸ்திவாரம் உண்டென்பதும், வீட்டு அஸ்திவாரத்தைப் போலவே கண்ணுக்குப் புலப்படாதிருத்தலே அதற்கும் லக்ஷணம் என்பதும் சித்தித்தன.

முதற்கண் வஸ்து நிர்ணயம். முகப்பூச்சுப் பவுடரின் மூலமான டால்க் என்பது, நம் பாட்டிமார் புளிக்குழம்பு கொதிக்கவைத்த சேலத்துக் கல்சட்டியின் மாக்கல்லில் உள்ள பிரதான தாதுவே. 1812-ல் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவையில் 1 என்னும் கடைசி ஸ்தானம் பெற்று, நகத்தால் கீறினாலும் பொடியும் சாது அது. வியர்வையை உறிஞ்சும் பொருட்டுப் பவுடரில் சேரும் மக்னீசியம் கார்பனேட்டோ, வெள்ளைக்காரர் சுண்ணாம்பென்று மயங்கிச் 'சாக் ஹில்ஸ்' எனப் பெயரிட்டுவிட்ட நம் சேலத்துக் குன்றுகளின் வெள்ளைக்கல்லோடு ஜாதியால் ஒன்று. பூச்சுக்கு மிருதுவளிக்கும் மரவள்ளி மாவைப் பற்றி ஜவ்வரிசி ஆலைகள் சூழ வாழும் நமக்குச் சொல்ல வேண்டுவதில்லை. 1997-ல் சேலத்திலிருந்து நாமக்கல் தனி ஜில்லாவாகப் பிரிந்தபோதும் கிழங்கு மட்டும் இரு ஜில்லாக்களுக்கும் பொதுவாகவே நின்றது. நிறம் தருபவை மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்னும் மூவகை இரும்பு ஆக்ஸைடுகள். சுத்தம் கருதி அவற்றை ஆலையிலே செய்கிறார்களெனினும், கறுப்பு வகை சேலத்துக் கஞ்சமலையின் காந்தக்கல்லேயன்றி வேறன்று.

அங்ஙனமாயின் கல்சட்டியைக் கன்னத்தில் தேய்த்துக்கொள்ளலாமே என்பான் பூர்வபக்ஷி. கூடாது, சிக்கல் கல்லில் இல்லை, நிறத்தில் இருக்கிறது. மலிவுச் சரக்கு நாலைந்து நிறங்களிலேயே வருவதாலும், அவற்றுள் பெரும்பாலானவை சிவந்த மேனியை உத்தேசித்தவை ஆதலாலும், வெண்மைக்காகச் சேர்த்த டைட்டானியம் டையாக்ஸைடு மாநிற முகத்தில் திருநீற்று மடலுள் விழுந்து எழுந்தாற்போலச் சாம்பல் பூக்கிறது. "உங்க வீட்டுப் பொண்ணு கலருக்கு இது எடுக்குமுங்க" என்று கடைக்காரம்மாள் தம் மணிக்கட்டில் தடவிக் காட்டிய ஆப்தவாக்கியத்தை, குழல்விளக்கின் கீழ் நானும் ஒப்புக்கொண்டேன். வீட்டு வாசலில் ராசிபுரத்து வெயில் அதை மறுத்துவிட்டது. ஆகவே தாடையோரம் தடவி, முகத்தின் எண்ணெயோடு கலந்து நிறம் கறுக்கிறதா என்று கால்மணி நேரம் பொறுத்து, வெயிலில் வந்து பார்க்கும் பிரத்யக்ஷமே பிரமாணம் எனத் துணிந்து, மறுநாள் என் மருமகளையே கடைக்கு அழைத்துச் சென்றேன். நான்காம் புட்டி தேறியது. அதிலும் பட்டாணியளவு எடுத்து, மாய்ஸ்சரைசரில் குழைத்து, இல்லாததுபோல் பூசிக்கொண்டாள்.

அன்று அவள் பஸ்ஸுக்குப் புறப்படுகையில் என் தாயார், "ஏங்கண்ணு, மூஞ்சிக்கு ஒண்ணுமே போடாமலா பள்ளிக்கோடம் போற?" என்று கேட்டுப் பவுடர் டப்பாவை நீட்டினார்.