காலம் இறுகிய காரணம்: திருவள்ளூர்–கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில் ஏறவும் மாட்டாத, இறங்கவும் மாட்டாத ஒரு ஸ்டேரிங் பற்றிய ஆய்வு

ஆய்வேடு என்றால் முதலில் சொல்லாராய்ச்சி வரவேண்டும். பட்டறை வழக்கில் அது ‘ஸ்டேரிங்’. ‘ஸ்டியரிங்’ என்று திருத்தமாக உச்சரிப்பவரிடம் கூலி கூடுதலாகக் கேட்கிறார்கள் என்பது களப்பணியில் தெரியவந்ததால், இவ்வாய்வு முழுதும் முன்னைய வடிவமே ஆளப்படுகிறது. அந்தச் சக்கரத்தைத் தாங்கிக்கொண்டு டாஷ்போர்டுக்குள் போய் மறைகிற தண்டுக்குப் பட்டறையில் ‘காலம்’ என்று பெயர். ஆங்கிலச் சொல்தான், நம் ஊர் நாக்கில் இப்படி வந்து உட்கார்ந்துவிட்டது. இதனால் நேரும் பொருள்மயக்கம் லேசானதல்ல. “காலம் சரியில்ல சார்” என்று மெக்கானிக் சொன்னபோது ஆய்வாளரின் மச்சான், “தெரியும்ப்பா, அடுத்த பெயர்ச்சியில சரியாயிடும்னு ஜோசியர் சொல்லியிருக்காரு” என்றார்.

ஆய்வுப் பொருள் அந்த மச்சானின் கார். அவருக்கு வீடு திருவள்ளூரில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ரோலிங் மில்களின் புகைக்குக் கீழே, நான்கு லேத்துகளோடு ஒரு ஷெட். கார் அயல்நாட்டுத் தயாரிப்பு, செகண்ட் ஹேண்ட். பெயர் வேண்டாம். அதன் ஸ்டேரிங்கைப் பட்டனிலேயே ஏற்றலாம், இறக்கலாம், நெஞ்சுப் பக்கம் இழுக்கலாம், தள்ளலாம். காலத்தின் பக்கவாட்டில் சுண்டுவிரல் அளவில் ஒரு குச்சி. அதை எந்தத் திசையில் அசைக்கிறோமோ அந்தத் திசையில் சக்கரம் நகரும். சாவியை எடுத்தால் தானே மேலேறி ஒதுங்கி நின்று வழிவிடும். கதவில் 1, 2, 3 என்று மூன்று பட்டன்கள். ஒவ்வொன்றும் ஒருவர் உட்காரும் வாகை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

இதெல்லாம் விற்பனைத் தாளில் உள்ளபடி. மச்சான் வாங்கியபோதே ஸ்டேரிங் தாழ்ந்து, இருக்கையை ஒட்டி நீண்டு, அப்படியே நிலைகுத்தி நின்றது. வண்டியின் முந்தைய உரிமையாளர் யார் என்று ஆர்.சி. புத்தகம் சொல்லும். அவர் எப்படி உட்கார்ந்தார் என்று இந்தச் சக்கரம் சொன்னது: குள்ளம், ஒல்லி, ரோட்டை எட்டிப் பார்த்து ஓட்டும் சுபாவம். கல்வெட்டிலிருந்து மன்னனின் உயரத்தைக் கணக்கிட முடியாது, ஸ்டேரிங்கிலிருந்து முடிகிறது.

ஆய்வுக் களம் பற்றிச் சில சொல்ல வேண்டும். திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ரயில் நிற்கிறது. ஆனால் ஒன்று அரக்கோணம் தடம், மற்றது கூடூர் தடம். ரயிலில்தான் போவேன் என்று அடம்பிடிப்பவர் பேசின் பிரிட்ஜ் வரை வந்து திரும்ப வேண்டும். ஆகவே மச்சானுக்குத் தினமும் ரோடுதான்: வெங்கல், பெரியபாளையம், ஆரணி, புதுவாயல், பிறகு கல்கத்தா நெடுஞ்சாலை. (இது பட்டுப்புடவை ஆரணி அல்ல. இந்த ஆரணிக்குப் பெண் பார்க்க வந்து ஏமாந்தவர்கள் உண்டு.)

வண்டி விஷயத்தில் இந்த மாவட்டம் லேசுப்பட்டதல்ல. திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் உருவானது, பிறகு பஜேரோ. ஆந்திர எல்லையைத் தாண்டி ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை எழும்வரை இசுசு வண்டிகளும் இங்கேதான் கோக்கப்பட்டன. மேல்நல்லாத்தூர்ப் பக்கம் கேட்டர்பில்லர் ஆலையில் சுரங்கத்துக்கான ராட்சத லாரிகள் பிறக்கின்றன. ஆவடியில் டாங்கி. அங்கே செய்த டி-72 வகைக்கு ஸ்டேரிங் சக்கரமே கிடையாது, இரண்டு நெம்புகோல்கள்தான் என்பதை ஆய்வாளர் சற்றுப் பொறாமையோடு குறித்துக்கொள்கிறார். இத்தனை இருந்தும், ஒரு ஸ்டேரிங்கை அரை முழம் மேலே ஏற்ற எட்டு மாதம் ஆயிற்று. ஏன் என்பதே ஆய்வுச் சிக்கல்.

முன்னாய்வுகளைத் தொட்டுக்காட்டுவது மரபு. 1961-இல் அமெரிக்காவில் ஃபோர்டு தண்டர்பேர்டு காரில், வண்டியை நிறுத்திய பின் பக்கவாட்டில் நகர்ந்து வழிவிடும் ஸ்டேரிங் வந்தது. 1963-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சாய்த்து நிறுத்தும் சக்கரம் கொடுத்தது. 1989-இல் வந்த லெக்சஸ் எல்.எஸ். 400 காரில் ஸ்டேரிங் மோட்டாரால் தானே ஏறி இறங்கியது. இதே காலத்தில் நம்மிடம் இருந்தது அம்பாசடர். அதன் ஸ்டேரிங் எங்கும் நகராது. ஆனால் ஓட்டுநர் நகர்வார். குள்ளமானவர் அடியில் தலையணை போட்டுக்கொள்வார். நெட்டையானவர் முதுகை வளைப்பார். முன்சீட்டில் மூன்று பேர் ஏறிவிட்டால் ஓட்டுநர் கதவோடு ஒட்டி, பாதி உடம்பால் மட்டுமே ஓட்டுவார். 

இங்கேதான் இவ்வாய்வின் கருதுகோள் பிறக்கிறது. ‘அட்ஜஸ்ட்’ என்ற சொல் தமிழில் பொருள்களுக்கு வருவதில்லை, மனிதர்களுக்கே வருகிறது. ரயிலில் நான்காவது ஆள் உட்காரும்போதும், மருமகள் புகுந்த வீட்டில் முதல் வாரம் அழும்போதும், மண்டபத்தில் சாம்பார் தீர்ந்துபோகும்போதும் யாராவது ஒருவர் “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க” என்கிறார். இதுவரை ஒருவரும் ஒரு நாற்காலியைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. பட்டனால் நகரும் ஸ்டேரிங் இந்த மரபுக்கு நேர்விரோதம். அது நம் ஊருக்கு வந்து இறுகிப்போனதில் வியப்பில்லை.

சான்று: மச்சானின் டிரைவர் ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பையன், ஆறடிக்கு ஒரு அங்குலம் மேல். குள்ளருக்காக நின்றுவிட்ட சக்கரத்துக்கும் அவன் தொடைக்கும் நடுவில் ஒரு பஸ் டிக்கெட் போகாது. பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்குக் கால் மாற்றும் ஒவ்வொரு முறையும் முட்டியை வெளியே விரித்து, தவளைபோல உட்கார்ந்து ஓட்டினான். முதல் வாரமே சொன்னான். மச்சான் பின்சீட்டில் பேப்பரை மடிக்காமலே பதில் சொன்னார்: “கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா.”

எட்டு மாதம் பண்ணிக்கொண்டான். அந்த எட்டு மாதமும் அந்த வீட்டில் ஸ்டேரிங் ரிப்பேர் என்று ஒன்று இல்லை. 

ஆடி வந்தது. ஆடி ஞாயிறு பெரியபாளையம் பவானியம்மனுக்கு வேப்பிலையும் பொங்கலும் கொண்டு போகும் கூட்டத்தில் டிரைவரின் குடும்பமும் உண்டு. சனிக்கிழமையே லீவு. அன்றைக்குப் பார்த்துக் கம்பெனியில் அவசர லோடு. மச்சான் தானே சாவியை எடுத்துக்கொண்டு போய் முன்சீட்டில் ஏறினார். பாதிதான் ஏறினார். மீதியை ஸ்டேரிங் தடுத்தது. குச்சியை அசைத்தார், நகரவில்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். மூச்சை விட்டபோது ஹாரன் அடித்தது. தெருவே எட்டிப் பார்த்தது. 

அந்த நிமிடத்திலிருந்து அது பெரிய ரிப்பேர்.

நகைப்புக்கு அப்பால் இதில் உயிர் சம்பந்தமான ஒரு கணக்கும் இருக்கிறது. 2019 ஜூலை முதல் இந்தியாவில் புதிய கார்களில் ஓட்டுநர் பக்கத்து ஏர்பேக் கட்டாயம். அது சக்கரத்தின் நடுவே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வெடித்து விரிய அதற்கு இடம் வேண்டும். நெஞ்செலும்புக்கும் சக்கரத்தின் நடுவுக்கும் குறைந்தது 10 அங்குலம் விடச் சொல்கிறது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம். ஆய்வாளர் டேப் பிடித்து அளந்தார். மச்சானின் விஷயத்தில் அளவு நெஞ்சுவரை போகவே இல்லை, வயிற்றிலேயே முடிந்துவிட்டது.

பரிகாரங்கள் பலதிசையிலிருந்தும் வந்தன. ஷெட்டின் ஃபிட்டர் சுத்தியலைப் பரிந்துரைத்தார். பக்கத்து ஷெட்காரர் டபிள்யூ.டி.40 அடிக்கச் சொன்னார். (நீரை விரட்டும் கலவைக்காக 1953-இல் செய்த 40-ஆவது முயற்சி என்பதே அந்தப் பெயர். இறுகியதை இளக்கும், ஆனால் கிரீஸ் செய்யும் வேலையைச் செய்யாது.) மச்சானின் அம்மா, வீரராகவப் பெருமாள் கோவில் குளத்தில் அமாவாசையன்று வெல்லம் கரைக்கலாம் என்றார். அவர் வைத்திய வீரராகவர், அந்த அம்மாளின் முட்டிவலிக்கு வெல்லம் கரைத்தது கேட்டது. “காருக்கெல்லாம் கரைப்பாங்களாம்மா?” என்று மச்சான் சலித்துக்கொண்டபோது, “பெருமாளே படுத்துட்டிருக்கற ஊருடா இது, உன் ஸ்டேரிங் படுத்துகிச்சுன்னு ஊரைக் கூட்டறியே” என்றார். ஆய்வு எல்லைக்குள் கேட்ட கருத்துகளில் இதுவே தர்க்கத்தில் குறைவில்லாதது.

கடைசியில் புதுவாயல் பக்கம் ஒரு பட்டறை. மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. டிரைவரைக் குச்சியை அசைக்கச் சொல்லிவிட்டு, காலத்தின் அடியில் காதை வைத்தார். அவருடைய முறையைத் தமிழிலக்கணத்தின் துணையின்றி விளக்க முடியாது. ஒலியே இல்லை என்றால் கரண்டே வரவில்லை: ஃபியூஸ், சுவிட்ச், அல்லது வயர். ‘கிர்ர்ர்’ என்று நீண்ட ஒலி வந்து சக்கரம் நகராவிட்டால், மோட்டார் சுற்றுகிறது, பல் தேய்ந்துபோயிற்று. (ரகர ஒற்று அளபெடுக்காது என்பது நன்னூல் விதி. மோட்டார் நன்னூல் படித்ததில்லை.) குற்றியலுகரம்போல அரை மாத்திரையில் ‘டக்’ என்று ஒலித்து அடங்கினால், கரண்ட் வருகிறது, மோட்டார் முக்குகிறது, எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

டிரைவர் அசைத்தான். டக்.

“பல்லு போவல சார். காலம் டைட்டாயிட்ச்சு” என்றார். பிறகு மச்சானைப் பார்த்து, “யாராவது கையால இஸ்தீங்களா?” 

மச்சான் ஆகாயத்தைப் பார்த்தார். கையால் இழுத்தால் ஏன் வராது என்பதைச் சொல்லியாக வேண்டும். உள்ளே மோட்டாரின் முனையில் புழுபோல முறுக்கிய ஒரு பற்சக்கரம். அது பக்கத்துப் பல்லைத் தள்ளும், பல் அதைத் திருப்பித் தள்ள முடியாது. ஓடும்போது பள்ளத்தில் விழுந்தாலும் ஸ்டேரிங் இடம் மாறக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பலசாலி இழுத்தால் சக்கரம் வராது, பிளாஸ்டிக் பல்தான் கையோடு வரும். மச்சான் அத்தனை பலசாலி இல்லாதது கும்மிடிப்பூண்டி செய்த புண்ணியம்.

பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு மெக்கானிக் டீ குடிக்கப் போனார். சோம்பல் என்று மச்சான் நினைத்தார். ஏர்பேக் சுற்றில் தேங்கி நிற்கும் மின்சாரம் வடியட்டும் என்பது காரணம். திரும்பி வந்து, ஸ்டார் பிட் போட்டு அடிமூடியைக் கழற்றினார். மஞ்சள் கனெக்டர் பக்கம் கை போகவில்லை. டார்ச் அடித்தபோது, மோட்டார் சுழற்றிச் சக்கரத்தை நகர்த்துகிற திருகு மறைத்தண்டு தெரிந்தது: முழுநீளமும், பழைய ஊறுகாய் ஜாடியின் அடிபோலக் கறுத்துக் காய்ந்த கிரீஸ். கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் ஒருவகைச் சோப்பு. வருஷக்கணக்கில் அசையாமல் வெயிலில் கிடந்தால் எண்ணெய் கழன்றுவிடும், சோப்பு மட்டும் பிசினாக நிற்கும். மே மாதத்தில் திருத்தணி வெயில் செய்தியில் வராத வருஷம் ஏது.

மெக்கானிக் அதில் கொஞ்சம் ஸ்குரூடிரைவர் நுனியால் சுரண்டிக் காகிதத்தில் வைத்தார். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் காகிதத்துக்கு அடியில் நகர்த்தினார். கிரீஸ் முள்ளம்பன்றிபோலச் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

“உங்க ஊரு சார் இது” என்றார்.

ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் செதிள் செதிளாக உதிரும் கரும்பொடி. மத்தியானம் ஷெட் வாசலில் கண்ணாடியை இறக்கிவிட்டு டிரைவர் தூங்கும்போது உள்ளே வந்து குடியேறியிருக்கிறது. ஆக, முந்தைய உரிமையாளரின் உடல்வாகு, திருவள்ளூர் மாவட்டத்து வெயில், சிப்காட்டின் இரும்பு ஆகிய மூன்றும் ஒரே தண்டில் அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. தொல்லியல் துறை இதற்குக் குறைந்த சான்றுகளைக் கொண்டு அருங்காட்சியகமே திறக்கிறது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, புது வெள்ளைக் கிரீஸ் தடவி, பாட்டரியை மாட்டினார். குச்சியை நான்கு திசையிலும் கடைசிவரை அழுத்திப் பிடித்து, தன் எல்லை எதுவென்று சக்கரத்துக்குத் திரும்பக் கற்றுக்கொடுத்தார். முதல்முறை ஏறியபோது முனகியது. மூன்றாம் முறை சத்தமில்லை. சாவியை எடுத்ததும் ஸ்டேரிங், பெரியவர் உள்ளே வந்தால் திண்ணையிலிருந்து எழுந்துகொள்ளும் பையன்போல மேலேறி ஒதுங்கி நின்றது. டிரைவர் சாவியைப் போட்டுப் போட்டு எடுத்தான். ஆறு முறை. ஆய்வாளர் எண்ணினார்.

1-ஆம் எண் மச்சானுக்கு. 2 அவர் மனைவிக்கு. ஆய்வாளரின் தங்கையான அவருக்கு லைசென்ஸ் கிடையாது, ஆனாலும் எண் உண்டு. மச்சான் பணம் எடுக்க ஏ.டி.எம். பக்கம் போயிருந்தபோது மெக்கானிக் டிரைவரைக் கூப்பிட்டார். “தம்பி, சவுரியமா குந்து. முட்டி இடிக்குதா? இல்லியே? அப்ப மூணை அமுக்கு.”

பல வாரம் கழித்து ஆய்வாளர் அந்த வண்டியில் முன்சீட்டில் போக நேர்ந்தது. மச்சான் வீடு இருக்கும் தெருவில் திரும்புவதற்கு முன் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினான். 1-ஐ அமுக்கினான். ஸ்டேரிங் இறங்கி வந்து மச்சானின் அளவில் நின்றது.

“ஏன்ப்பா?”

“மூணாம் நம்பர் இருக்கறது அவருக்குத் தெரியாது சார்.”

காலையில் தெருமுனை தாண்டியதும் 3, மாலையில் தெருமுனைக்கு முன் 1. தினம் இரண்டு முறை முழுநீளமும் ஏறி இறங்குவதால் அந்தக் காலம் இனி இறுகவே இறுகாது என்று மெக்கானிக் சொல்கிறார்.