அப்புனு, காருக்காரங்கிட்ட மல்லுக்கு நிக்காதே

ஒரு ரோசனை சொல்றேன், காதுல போட்டுக்கோ சாமி. அடுத்த தடவை அந்த மேக்கால ஊட்டுப் பையன் வந்து, "ஏன்டா மாப்ளே, பைக்கு ரேஸெல்லாம் ஒரு ரேஸா? எங்க பார்முலா ஒன் காருக்கு முன்னால நிக்குமா?"ன்னு கேட்டான்னா, நரம்பு பொடைக்கக் கத்தாதே. "நிக்காதுப்பா"ன்னு ஒத்துக்கிட்டு டீயைக் குடி. ஏன்னா அவன் சொல்றது நெசம்.

அமெரிக்காவுல ஆஸ்டின்னு ஒரு ஊரு. அங்க ஒரே தார்ல ரெண்டும் ஓடுது. நெருக்கிப் புடிச்சா, ஒரு சுத்து சுத்தி வர காருக்கு 1 நிமிசம் 32 விநாடி. உன்ற மோட்டோஜிபி வண்டிக்கு 2 நிமிசம். அரை நிமிசம் கண்ணு, அரை நிமிசம்! அதுக்குள்ள நான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவி, பாக்கும் போட்டு, உன்ற பாட்டியை ஒரு வார்த்தை திட்டியும் முடிச்சிருவேன்.

நேர் ரோட்டுல உன்ற ஆளுங்க ஒண்ணும் சளைச்சவங்க இல்ல. 2023-ல் இத்தாலி முஜெல்லோவுல பிராட் பைண்டர் 366 கிலோமீட்டர் வேகத்துல போனான். கார்ல வால்டேரி போட்டாஸ் 2016-ல் மெக்சிகோவுல போனது 372. பெரிய வித்தியாசமில்ல. வளைவு வந்தாத்தான் சாயம் வெளுக்குது. காருக்கு நாலு அகலமான டயரு, மேல றெக்கை. அது காத்தைப் புடிச்சு வண்டியைத் தரையோட அமுத்திப் போடும். பைக்கு சாஞ்சு கெடக்கும்போது தரையில ஒட்டுறது கையகல ரப்பரு. பிரேக்கைக் கொஞ்சம் ஓங்கிப் புடிச்சா பின் சக்கரம் அந்தரத்துல தொங்கும். இதைப் போயி வேகத்துல சண்டைக்கு நிறுத்துனா, தோக்கறது வண்டியில்ல, உன்ற புத்தி.

ஒத்துக்கிட்டு, டீ டம்ளரைக் கீழ வெச்சுப்போட்டு, மெதுவா ஒரே ஒரு கேள்வி கேளு: "அது சரி மாப்ளே, உங்க வண்டியில ஆளு எங்க?"

அவன் முழிப்பான். முழிக்கோணும். 2018-ல் இருந்து அந்தக் கார்ல தலைக்கு மேல ஒரு டைட்டானியம் வளையம் வேற வெச்சுப்போட்டாங்க. நல்ல காரியந்தான், நாலு உசுரு பொழைச்சுது. ஆனா நமக்குத் தெரியறது ஹெல்மெட்டோட உச்சி மட்டும். உள்ள உக்காந்திருக்கறது சாம்பியனா, சாம்பியனோட மச்சானான்னு எப்பிடிக் கண்டுபுடிக்கறது? கணக்கும் பாரு. 2025-ல் அந்தக் கார் ஆளோட சேத்து 800 கிலோவுக்குக் கொறையக் கூடாதுன்னு சட்டம். அதுல ஓட்டுறவன் பத்துல ஒரு பங்கு. மோட்டோஜிபி வண்டி 157 கிலோ, ஏறுறவன் ஒரு அறுபத்தஞ்சுன்னு வெய்யி. மூணுல ஒரு பங்குக்குக் கிட்ட மனுசன்! அந்தப் பங்கு சும்மா உக்காந்தும் இருக்கறதில்ல. பிரேக்குக்கு முன்னால காலைத் தொங்கப் போடுது, வளைவுல வெளிய தொங்குது, முட்டி உரசுது, முழங்கை உரசுது, அறுபது டிகிரிக்கு மேல சாயுது, மறுக்கா எந்திரிக்குது.

நம்ம ரேக்ளா பாத்திருக்கியல்ல? மாடு பெரிசா, மணியக்காரர் ஊட்டு மாடான்னு ஆரு பாக்கறா? 200 மீட்டருக்குள்ள வண்டி மேல இருக்கறவன் முன்னால எப்பச் சாயறான், கயித்தை எப்ப விடறான்னுதான் கூட்டமே பாக்குது. உன்ற பைக்கு ரேஸு அந்தச் சாதி. இதை மட்டும் சொல்லு. மீதியெல்லாம் வாயி வலி.

நேரங்காலத்தைப் பத்தியும் வேணும்னா ஒரு குத்துக் குத்திக்கோ. காருக்காரன் 305 கிலோமீட்டர் ஓடி முடிக்கறதுக்குள்ள உன்ற பாட்டி தூங்கி எந்திரிச்சு காப்பி வெச்சுப்போடறா. பைக்கு முக்கா மணி நேரத்துல சோலி முடிஞ்சுது. டயர் மாத்தறேன், நட்டு கழட்டறேன்னு நடுவுல நிக்கற வேலையில்ல. மழை வந்தா மட்டும் உள்ள வந்து, ஓடிட்டிருக்கற வண்டியை விட்டு எகிறி, ஈர டயர் போட்ட இன்னொரு வண்டியில குந்திட்டுப் போவான். 2025-ல் பிரான்சு லெ மான்ல இப்பிடித்தான் மழையும் வெயிலும் கண்ணாமூச்சி ஆடி, ஜொஹான் ஜார்கோ ஜெயிச்சுப்போட்டான். சொந்த நாட்டுல ஒரு பிரெஞ்சுக்காரன் பெரிய வண்டியில ஜெயிச்சது 1954-க்கு அப்பறம் அதுதான். அந்த மூணு நாள்ல 3 லட்சம் பேருக்கு மேல கூட்டம். நம்ம கோனியம்மன் தேரு தோத்துது போ.

ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன். நீ கடைசியில எடுத்து வீசற அஸ்திரம் இருக்குதே, "எங்காளு எலும்பு முறிஞ்சாலும் ஓட்டுவான்"னு, அதைக் கொஞ்சம் நிதானமா எடு.

ஹோர்ஹே லொரென்சோ கதை தெரியுமல்ல உனக்கு? போஸ்டர் ஒட்டியிருக்கற, தெரியாம இருக்குமா. 2013-ல் நெதர்லாந்து அசென்ல வெசாழக்கெழமை மழையில விழுந்து கழுத்தெலும்பு முறிஞ்சுது. அன்னிக்கே வானூர்தி ஏறி பார்சிலோனா போயி, ராவோட ராவா அறுத்துத் தகடு வெச்சு, திரும்பி வந்து சனிக்கெழமை ரேஸுல அஞ்சாவதா வந்தான். 11 புள்ளி. நீ இது வரைக்கும் சொல்லுவ, கூட்டம் கை தட்டும். மீதியை நான் சொல்றேன். அடுத்த ரேஸு ஜெர்மனியில. மறுக்கா விழுந்து, வெச்ச தகடே வளைஞ்சுபோச்சு. ரேஸே ஓட்டாம ஊடு போய்ச் சேந்தான். வருசக் கடைசியில மார்க் மார்க்கேஸ்கிட்டத் தோத்தது வெறும் 4 புள்ளியில. கணக்குப் போட்டுப் பாரு, வீரத்துல எத்தனை புள்ளி வந்துது, எத்தனை போச்சுன்னு.

அந்த மார்க்கேஸாவது பாத்துப் படிச்சானா? 2020 சூலையில ஸ்பெயின் ஹெரெஸ்ல விழுந்து வலது கை மேலெலும்பு முறிஞ்சுது. செவ்வாக்கெழமை அறுவை. சனிக்கெழமை வண்டியில ஏறிப்போட்டான்! நம்மூருப் பக்கம் கை முறிஞ்சவன் சனிக்கெழமை சோறு பெசஞ்சு குடுக்க ஆளு தேடுவான். அப்பறம் அந்தத் தகடு எங்க ஒடஞ்சுது தெரியுமா? ரேஸு மைதானத்துல இல்ல சாமி. ஊட்டுல சன்னலைத் தொறக்கும்போது! முன்னூறு கிலோமீட்டர் வேகத்துல போறவன், சன்னல்ல சிக்கிக்கிட்டான். அந்த ஒரு கைக்கு 2022 வரைக்கும் நாலு அறுவை. 2019-ல் வாங்குன பட்டத்தை மறுக்கா வாங்க 2025 செப்டம்பர் வரைக்கும் ஆச்சு. சப்பான்ல அன்னிக்கு அவன் அழுததைப் பாத்து உன்ற பாட்டியும் அழுதா, எதுக்குன்னு அவளுக்கே தெரியாது. அடுத்த வாரமே இந்தோனேசியாவுல இன்னொருத்தன் பின்னாடி வந்து இடிச்சு, தோள்பட்டை போச்சு. எனக்கு அவன் மேல மரியாதை உண்டு. அவங்கம்மா மேல அதைவிட உண்டு.

அப்பறம் உன்னையப் பத்தி ஒரு வார்த்தை. கோவிச்சுக்காதே. மோட்டோஜிபியில 2018-ல் இருந்து ஓட்டுறவன் உடுப்புக்குள்ள காத்துப்பை கட்டாயம். விழுறதுக்குள்ள ஊதி நிக்கும். டயருக்குக் கம்பளி போத்தி, கொதிக்கக் கொதிக்கச் சூடேத்தித்தான் வண்டியை வெளிய விடறாங்க. அந்தச் சூட்டுலதான் ரப்பர் தார்ல ஒட்டும், அதுனாலதான் முட்டி தரையைத் தொடற வரைக்கும் சாய முடியுது. நீ என்ன பண்ற? லுங்கியைக் கட்டிக்கிட்டு, ஹெல்மெட்டை முழங்கையில மாட்டிக்கிட்டு, காலங்காத்தால ஆறிப்போன டயர்ல, மணல் லாரி போன பொள்ளாச்சி ரோட்டுல முட்டியை ஒரசப் போறேங்கற. அந்த ரோட்டோரத்துல சல்லிக்கல் படுகை இல்ல கண்ணு, ஆட்டுப்பட்டிதான் இருக்குது. ஆட்டுக்காரன் வெல சொன்னா நீ தாங்க மாட்ட.

சரி, சண்டைக்கு வருவோம். மேக்கால ஊட்டுப் பையன் காரைப் பத்திப் பெருமை பேசும்போது நீ என்ன சொல்லுவ? "உங்களுது ரேஸா, ஊர்வலமா? எப்பப் பாத்தாலும் ஒரே கம்பெனி ஜெயிக்குது"ம்ப. 2023-ல் அங்க ரெட் புல் 22-க்கு 21 ஜெயிச்சுது, நெசந்தான். அவனுக்கு வெவரம் பத்தாது, வாயை மூடிக்குவான். வெவரமுள்ளவனா இருந்தா திருப்பிக் கேப்பான்: 2024-ல் உங்க டுகாட்டி எத்தனை? 20-க்கு 19! ஆஸ்டின்ல வின்யாலெஸ் ஏப்ரிலியாவுல ஜெயிச்சான், அந்த ஒண்ணுதான் தப்புச்சுது. இப்பிடி மாட்டுனா என்ன பண்ணுவ? அதுக்கும் மருந்து என்கிட்ட இருக்குது. "அந்த வருசம் பட்டம் வாங்குனது கம்பெனி டீமா? இல்ல. அவங்ககிட்ட வண்டி வாங்கி ஓட்டுன பிரமாக்ல இருந்த ஹோர்ஹே மார்ட்டின். மொதலாளியோட சொந்தப் புள்ளையை வாடகை வண்டிக்காரன் அடிச்சான். அங்க நடக்குமா?"ன்னு கேளு. நடக்காது. இதை உனக்குச் சொல்லிக்குடுத்தது நான்னு மட்டும் சொல்லாதே. அந்தப் பையனோட தாத்தன் எனக்கு மச்சினன் மொறை.

கிட்டத்துல முடியற கதை வேணும்னா 2006-ஐ எடு. போர்ச்சுகல் எஸ்தோரில்ல தோனி எலியாஸ் வாலண்டினோ ரோஸியை 0.002 விநாடியில ஜெயிச்சான். கண்ணு இமைக்கற நேரங்கூட இல்ல. மொதலாவதுக்கு 25, ரெண்டாவதுக்கு 20. கடைசியில நிக்கி ஹெய்டன் 252, ரோஸி 247. பாத்தியா, அதே அஞ்சு! அந்த இத்துனூண்டு ரோஸி பக்கம் விழுந்திருந்தா ரெண்டு பேரும் 252. எத்தனை ரேஸு ஜெயிச்சான்னு பாப்பாங்க, பட்டம் ரோஸிக்கு. நானெல்லாம் காலெடுத்து வெக்கறதுக்கே அதைவிட ஆயிரம் மடங்கு யோசிப்பேன்.

ரெண்டு பக்கமும் வாயடைக்கற ஆளு ஒருத்தர்தான், ஜான் சர்ட்டீஸ். 1956, 58, 59, 60-ல் 500 சிசி பைக்குல உலகப் பட்டம். 1964-ல் பெராரி கார்ல உலகப் பட்டம், அதுவும் ஒரே ஒரு புள்ளியில. ரெண்டையும் வாங்குனது இன்னி வரைக்கும் அவர் ஒருத்தர்தான். அவருக்கு அப்பறம் வந்ததெல்லாம் இக்கரைக்கு அக்கரை பச்சை. ரோஸி பெராரி காரை ஓட்டிப் பாத்தான், சரிப்படலைன்னு பைக்குக்கே போயி, 2021-ல் ஓய்வெடுத்தப்பறம் இப்பக் கார்ல திரியறான். மைக்கேல் ஷூமாக்கர் காரை விட்டப்பறம் பைக்கு ரேஸுக்குப் போயி 2009-ல் விழுந்து கழுத்துல அடி. அதே வருசம் பெராரி ஓட்டுன மாஸாவுக்கு அடிபட்டு, பெராரிக்காரன் "வாங்க"ன்னு கூப்பிட்டப்ப, பைக்கு தந்த கழுத்து வலியில போக முடியல. கார்ல ஏழு பட்டம் வாங்குன ஆளுக்கும் உங்க ரெண்டு சக்கரத்து மேல ஒரு சபலம். இதைச் சொன்னீன்னா மேக்கால ஊட்டுப் பையன் அன்னிக்குச் சாப்பிட மாட்டான்.

நம்ம நாட்டுக் கதையில மட்டும் அவன் கை ஓங்குனது, ஒத்துக்கோ. டெல்லி பக்கத்துல புத்தா மைதானத்துல கார் 2011-ல் இருந்து மூணு வருசம் வந்துது, மூணும் வெட்டல் ஜெயிச்சான். உன்ற மோட்டோஜிபி 2023-ல் ஒரே தடவை. விசா கெடைக்காம மார்க்கேஸே காத்துக் கெடந்தான். வெக்கையில சுத்தைக் கொறைச்சு ஓட்டியும் மார்ட்டின் சுருண்டுபோனான். பெஸெக்கி ஜெயிச்சான். அதோட சரி, வரவேயில்ல. அதுபோக, அவன் பக்கம் நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் இருக்காப்ல. 2005-ல் அந்த ஒசரத்துக்குப் போன மொத இந்தியன். அமெரிக்காவுல நாலாவதா வந்தாப்ல. ஓடுனது ஆறு காருன்னு நீ சொல்லாதே, மத்தவன் டயர் சரியில்லைன்னு ஒதுங்குனா இவர் என்ன பண்ணுவாப்ல? உள்ளூர்க்காரன் விசயத்துல வாயை மூடிக்கறது மொறை.

இம்புட்டையும் சொன்னது எதுக்குன்னா, உங்க ரெண்டு பேருக்கும் தெரியாத சங்கதி ஒண்ணு இருக்குது. பார்முலா ஒன்னை 2017-ல் வாங்குனது லிபர்ட்டி மீடியான்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி. 2025 சூலையில மோட்டோஜிபியில 84 சதவீதத்தை வாங்குனதும் அதே கம்பெனிதான்! 2027-ல் பைக்குக்கு டயர் குடுக்கப்போறது பிரெல்லி, காருக்கு ஏற்கெனவே குடுக்கறதும் அவன்தான். எஞ்சினை 850 சிசியாக் கொறைக்கப் போறாங்களாம், றெக்கையை வெட்டப் போறாங்களாம், வண்டியைத் தாழ்த்தற விசையைத் தூக்கப் போறாங்களாம். பைக்கு மறுக்கா பைக்காகட்டும்னுதான் பண்றாங்க, வரவேத்துக்கோ. ஆனா ஞாயித்துக்கெழமை நீங்க ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்து, தொண்டை வறள, யாரு ஒசத்தின்னு ஒரு டீக்குப் பந்தயம் கட்டுவீங்களல்ல, அப்ப என்னையும் சேத்துக்கோங்க. நீ பைக்கு மேல கட்டு, அவன் காரு மேல கட்டட்டும். நான் மொதலாளி மேல கட்டறேன்.