கோப்பின் முதல் எட்டு பைட்டுகள்: ஒரு சிற்றாராய்ச்சி

தருமபுரி மாவட்டத்தின் பரப்பு சுமார் 4,497 சதுர கிலோமீட்டர். 1901 முதல் பெய்த அன்றாட மழையை இந்திய வானிலைத் துறை கால் பாகைக் கட்டங்களாகப் பிரித்துத் தருகிறது. அந்தக் கணக்கில் மாவட்டத்தின் பரப்பு ஏறக்குறைய ஆறு கட்டங்களுக்குச் சமம். பென்னாகரத்துக் கேழ்வரகும் பாலக்கோட்டுத் தக்காளியும் வறட்சியில் என்ன ஆயின என்று ஆராய்பவர் திறப்பது இந்தக் கட்டங்களைத்தான். மழையளவைப் படிக்கும் முன்னே அவர் கோப்பின் தலைப்பகுதியைப் படிக்க வேண்டும்.

கோப்பின் பெயர் '.என்சி' என்று முடிந்தால் அது நெட்சிடிஎஃப் என்ற தரவு வடிவத்தில் அமைந்த கோப்பு என்பது மட்டுமே தெரியும். எந்த வகை என்பது தெரியாது. பழைய வகையில் முதல் மூன்று பைட்டுகள் 'சி, டி, எஃப்' என்ற எழுத்துகள். நான்காவது பைட்டு 1, 2 அல்லது 5. வகையைச் சொல்வது அதுதான். 2008-இல் வந்த நெட்சிடிஎஃப்-4 உள்ளுக்குள் ஹெச்டிஎஃப்5 என்ற வேறொரு தரவு வடிவம். அதன் தொடக்கத்தில் எட்டு பைட்டுகள் உண்டு: 137, 72, 68, 70, 13, 10, 26, 10. நடுவில் உள்ள 72, 68, 70 என்பவை 'ஹெச், டி, எஃப்' எழுத்துகள். 137, ஏழு பிட்டுகளை மட்டும் கடத்தும் வழியில் வந்தால் சிதைந்து காட்டிக்கொடுக்கும். 13-உம் 10-உம், யாரோ வரிமுடிவுக் குறிகளை மாற்றியிருந்தால் அதைக் காட்டும். இவ்வளவு முன்யோசனையோடு செதுக்கிய எட்டு எண்களைப் படிக்காமல் தாண்டிப் போவது படிப்பாளிக்கு அழகல்ல. பைத்தான் மொழியின் சைபை நூலகத்தில் உள்ள நெட்சிடிஎஃப் படிப்பானுக்குப் பழைய வகை மட்டுமே தெரியும். பின்னொட்டு ஒன்றாக இருந்தாலும் நான்காம் பதிப்புக் கோப்பை அது திறக்காது.

தலைப்பு முதலில் வருவது கோப்புக்கு மட்டும் உரியதல்ல. தருமபுரிப் பகுதியின் வட்டெழுத்து நடுகற்கள் பலவற்றில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் முதலில் வரும். பிறகுதான் ஆநிரைப் போரும் பட்டவன் பெயரும். தலைப்பு சிதைந்த கல்லுக்கு எழுத்தமைதியைக் கொண்டுதான் காலம் கணிக்க வேண்டும். மழைத் தரவின் '.ஜிஆர்டி' ஆண்டுக் கோப்பும் அப்படித்தான், அதில் தலைப்பே கிடையாது. சாட்சி அதன் அளவு ஒன்றே. 135 × 129 கட்டப்புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட்டு, ஆக நாளொன்றுக்கு 69,660 பைட்டுகள். 365 நாளுக்கு 2,54,25,900. ஒரு நாள் கூடியிருந்தால் லீப் ஆண்டு. வேறு எந்த எண் வந்தாலும் கோப்பு பழுது. பதிவிறக்கத்தைத் திரும்பச் செய்யுங்கள். அளவீடு இல்லாத இடத்தில் −999 நிற்கும். அதை மழையாகக் கூட்டிவிடாதீர்கள்.

அடுத்தது கோப்பைப் படிக்கும் மென்பொருள் நூலகம். ஹெச்டிஎஃப்5-இன் 1.10 பதிப்பு 2016-இல் வந்தது. அது வழக்கமாகப் பழைய நூலகமும் படிக்கும்படியே எழுதும். 'மிகப் புதிய அமைப்பில் எழுது' என்று நாமே கேட்டால்தான் 1.8 நூலகத்தால் படிக்க முடியாத கோப்பு உருவாகும். இன்னொரு சிக்கலும் உண்டு. நிரலைத் தொகுத்தபோது ஒரு பதிப்பும் ஓட்டும்போது வேறொரு பதிப்பும் இருந்தால், பதிப்பு பொருந்தவில்லை என்று ஹெச்டிஎஃப்5 நிரலை நிறுத்திவிடும். அந்தச் சோதனையை அணைக்க ஒரு சூழல் மாறி இருக்கிறது. பலர் கை முதலில் போவது அங்கேதான். அது தவறு. கணினியில் இரண்டு நூலகங்கள் எப்படிச் சேர்ந்தன என்று தேடிக் களைவதுதான் முறை. 'என்சிடம்ப்' கட்டளைக்கு '-கே' கொடுத்தால் கோப்பின் வகையைச் சொல்லும். 'என்சி-கான்ஃபிக்' நெட்சிடிஎஃப் நூலகத்தின் பதிப்பைச் சொல்லும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது.

எந்த மென்பொருளும் எச்சரிக்காத பதிப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது: மாவட்ட எல்லையின் பதிப்பு. தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 2.10.1965-இல். கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது 9.2.2004-இல். 2003-ஆம் ஆண்டு வரைபடக் கோப்பை வைத்துச் சராசரி எடுத்தால் ஓசூர் மழையும் தருமபுரிக் கணக்கில் சேரும். 1901-இன் 'தருமபுரி மழை' என்பதோ இன்றைய எல்லையைப் பின்னோக்கி நீட்டிப் பெற்றது. ஆய்வேட்டில் இதைச் சொல்லாவிட்டால் படிப்பவர் ஏமாறுவார்.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கோப்பின் வகை, நூலகத்தின் பதிப்பு, எல்லை வரைபடத்தின் ஆண்டு, இவை மூன்றையும் முடிவு அட்டவணைக்கு மேலேயே எழுதிவையுங்கள். வழிகாட்டி கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.