பொய்யிலவரும் என் இடது கிருதாவும்

என் இடது கிருதா வலது கிருதாவை விட அரை அங்குலம் மேலே நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்படித்தான் நிற்கிறது. இதற்கு முழுப் பொறுப்பு கனடாவின் எதிர்க்கட்சித் தலைவர்.

ஆகஸ்ட் மாதத்து நாவலப்பிட்டி மழை உங்களுக்குத் தெரியும். சலூனுக்குள் ஆறு பேர் இருந்தோம். முடி வெட்ட வந்தவன் நான் ஒருவன்தான். கத்தரிக்கோல் காதோரம் வந்த நேரம் பார்த்து, ஓட்டோக்காரத் தம்பி குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தான்.

"அண்ணே, பொய்லிவர் ஜெயிச்சிட்டாராம்ல?"

அண்ணன் திரும்பினார். கத்தரிக்கோலும் கூடவே திரும்பியது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன் இந்தப் பெயர் விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

அந்த எதிர்க்கட்சித் தலைவரின் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் 'புவாலியெவ்' என்கிற மாதிரி சொல்வார்களாம். நாவலப்பிட்டியில் அவர் பொய்லிவர். ஓட்டோக்காரத் தம்பியின் கருத்துப்படி, பெயரின் முதலெழுத்துகளிலேயே உண்மையைச் சொல்லிவிட்ட ஒரே அரசியல்வாதி அவர்தான். நம்மவர்கள் அதைக் கடைசிவரை மறைத்து வைப்பார்கள்; தேர்தல் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் நமக்குத் தெரியவரும். சலூன் அண்ணன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அது பொய் பிளஸ் லிவர். ஈரல் வரைக்கும் பொய் இறங்கிவிட்டது என்று அர்த்தம் என்றார்.

மூலைக் கதிரையில் பேப்பருக்குள் இருந்த தமிழ் சேர் கண்ணாடியைக் கழற்றினார். பென்ஷன் எடுத்துப் பல வருடமானாலும் எங்களுக்கு அவர் சேர்தான். "மடையனுங்களா, அது பொய்யிலவர். பொய் கூட்டல் இலவர். பொய் இல்லாதவர். தனிக்குறிலுக்குப் பின்னால வர்ற ஒற்று, உயிர் வந்தா இரட்டிக்கணுமா இல்லையா? பேப்பர்காரன் ஒரு 'ய'வை முழுங்கிட்டான்."

"அப்போ பொய்யிலே வர்றவருன்னும் பிரிக்கலாம்ல சேர்?" என்றான் தம்பி.

"பிரிக்கலாம். ஆனா அது கொச்சை."

"பொய்யிலேயே வளர்ந்தவரு?"

"வளர்ந்ததை நீ எங்கயிருந்து கொண்டு வந்த?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். தலை இன்னொருவர் கையில் இருக்கும்போது கருத்துச் சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் "சேர், முந்தின பிரதமர் ட்ரூடோவை எப்படிப் பிரிப்பீங்க?" என்று கேட்டது இந்த வாய்தான். சேர் யோசிக்கவே இல்லை. "திரு. டோ. மரியாதைப் பன்மை. போன ஜனவரியில அவரே பதவி விலகுறேன்னு சொன்னாரே, அந்த மரியாதைக்குத்தான்." அண்ணன் சிரித்தார். கிருதா போனது அந்தச் சிரிப்பில்தான்.

சிரிப்பு அடங்கியதும் செய்திக்கு வந்தார்கள். அவர்களிடம் உள்ள தகவலைப் பார்த்தால் வயிறு எரியும். 2025 ஏப்ரல் 28 பொதுத் தேர்தலில், 2004 முதல் பாராளுமன்றத்தில் இருந்த பொய்யிலவர் கார்ல்டன் தொகுதியில் தோற்றார். அங்கே 91 பேர் போட்டி. வாக்குச்சீட்டு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். பிறகு அல்பேர்ட்டாவில் வென்றிருந்த கட்சிக்காரர் ஒருவர் விலகி இடம் கொடுக்க, ஆகஸ்ட் 18 இடைத்தேர்தலில் 214 பேரில் ஒருவராக நின்று ஜெயித்தார். அத்தனை பெயரை அச்சடிக்க முடியாமல், வாக்காளரே பெயரை எழுதிப் போடச் சொல்லிவிட்டார்கள். "நம்ம ஜனாதிபதி எலெக்ஷன்ல 39 பேருக்கே மூச்சு முட்டிச்சு" என்றான் தம்பி.

"இதெல்லாம் ஒரு திரும்பி வர்றதா?" என்றார் அண்ணன். "நம்ம ரணிலைப் பாரு. 2020ல கட்சிக்கே ஒரு சீட்டு, அதுவும் தேசியப் பட்டியல். 2022ல ஜனாதிபதி. பொய்லிவர் இங்க வந்து டியூஷன் எடுக்கணும்."

அடுத்து பிரதமர் மார்க் கார்னி. கனடா மத்திய வங்கிக்கும் இங்கிலாந்து மத்திய வங்கிக்கும் ஆளுநராக இருந்தவர். 2022இல் நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்றபோது எங்கள் வங்கிப் பக்கமும் ஒரு நடை வந்திருக்கலாம் என்பது சலூனின் ஏகமனதான மனத்தாங்கல். பிறகு யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவின் பொதுப் பாதுகாப்பு அமைச்சராக இருக்கும் கெரி ஆனந்தசங்கரி. அண்ணன் அவரை 'நம்ம பையன்' என்கிறார். நாவலப்பிட்டிக்கும் அவருக்கும் என்ன உறவு என்று கேட்டேன். கொழும்பிலிருந்து ரெயில் இரண்டு ஊருக்கும் போகிறதாம்.

"எல்லாம் கார்னி வந்ததுக்கு அப்புறம்தான்" என்று தம்பி சத்தமாகச் சொன்னான். மழைக்கு வாசலில் ஒதுங்கி வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஆயா தலையை நீட்டினார்.

"காணி வந்திருச்சா தம்பி? எத்தன பேர்ச்?"

தோட்ட மக்களுக்குக் காணி, ஏழு பேர்ச் என்றார்கள், பத்து என்றார்கள். 2023இல் மலையகத்துக்கு 200 வருடம் என்று மேடை போட்டும் சொன்னார்கள். ஆயா இன்னும் லயத்தில்தான் இருக்கிறார். "இல்ல ஆயா, இது கனடாக்காரன்" என்றார் அண்ணன். ஆயா கூடையை இழுத்துக்கொண்டார். சேர், கார்னியைக் 'காரணி' என்று எழுதலாமா என்று ஆராயத் தொடங்கினார்.

எனக்கு எரிச்சல் வந்தது. யார் மேல் என்று சரியாகத் தெரியாததால், ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் மேல் வைத்துக்கொண்டேன். அவன் வாரம் ஒருமுறை வட்ஸ்அப்பில் வந்து, எங்கள் ஜனாதிபதி அனுர இன்று என்ன செய்தார் என்று எனக்கே வகுப்பு எடுப்பான். நான் பதிலுக்கு, டக் ஃபோர்ட் ஒன்ராறியோவில் மூன்றாம் முறையும் வென்றது எப்படி என்று அவனுக்கு விளக்குவேன். ஒருமுறை, "அது சரி, உன் தெருவுக்கு கவுன்சிலர் யார்?" என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்றான். லைன் கட்டானால் அதை எப்படிச் சொல்ல முடியும்? ஏப்ரல் 28 அன்று வாக்களித்தாயா என்றும் ஒருநாள் கேட்டேன். அன்று டபுள் ஷிஃப்டாம்.

அவனைக் குறை சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. கனடாத் தேர்தலுக்குச் சரியாக எட்டாம் நாள், மே 6, எங்களுக்கு உள்ளூராட்சித் தேர்தல். அந்த எட்டு நாளும் சலூனில் நாங்கள் கார்ல்டனைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். வாக்களித்தேன். யாருக்கு என்பது இரகசியம். எனக்கே இரகசியம், ஏனென்றால் சின்னம் மட்டும்தான் நினைவிருக்கிறது. கார்ல்டனில் பொய்யிலவரைத் தோற்கடித்தவர் புரூஸ் ஃபன்ஜோய் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

சொல்ல வந்தது ஒன்று இருந்தது. கிருதாவில் அது போய்விட்டது.

காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அண்ணன் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. வீட்டு வாசலில் கான் அடைத்து, தண்ணீர் படி வரைக்கும் ஏறியிருந்தது. எங்கள் வட்டாரத்துக்கு நகர சபையில் உறுப்பினர் யார் என்று தெரிந்த வாசகர் யாராவது இருந்தால், தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்: அடைத்திருப்பது பொலித்தீன் பை, ஒரு ஆள் கம்பி விட்டுக் குத்தினாலே போதும்.