மேலே ஒரு கண்

நாரணாபுரத்தில் பட்டாசு ஆலை போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆளைப் பார்ப்பதுதான் என் வேலை. காலையில் கேட்டில் நின்று ஆம்பளைகளின் மடியைத் தடவி பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாம் பிடுங்கி வைப்பேன். தீப்பெட்டிக்குப் பேர்போன சீமை. உள்ளே ஒரு குச்சி போகமுடியாது! ஓர் அறைக்கு நாலு பேர் என்று கணக்கு. ஐந்தாவது தலை தெரிந்தால் கத்துவேன். நான் வரும்போதெல்லாம் திரி வைக்கிற பெண்கள் வரிசையாக இருமுவார்கள். மருந்து வாடை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, பாவம் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐந்தாவது ஆளை உட்காரவைக்கச் சொன்னவர் அறைப் பக்கம் மட்டும் என் கண் போகாது. சம்பளம் அங்கிருந்துதான் வந்தது.

இப்போது பெங்களூர் மகன் எங்கள் வீட்டுக்குள் கேமரா மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். திருட்டுப் பயமாம். வீட்டில் திருடத் தகுந்தது சாத்தூர் காராச்சேவு டப்பா ஒன்றுதான். திருடுகிறவன், ரத்தக்கொதிப்புக்காரனாகிய நான். மூடியில் கை வைத்தேன். "அப்பா, மூடுங்க" என்றது சுவர். கண்ணோடு வாயும் வைத்து விற்கிறார்கள் என்று யார் கண்டது?

இங்கிலாந்தில் ஜெரமி பெந்தம் என்பவர் 1791-லேயே இப்படி ஒரு சிறைக்குத் திட்டம் எழுதி அச்சிட்டார். சுற்றிலும் அறைகள், நடுவே கோபுரம். கோபுரத்தில் காவலாளி இருக்கிறானா இல்லையா என்று கைதிக்குத் தெரியாது. ஆகவே எந்நேரமும் ஒழுங்காக இருப்பான். அவருக்குக் கோபுரம் வேண்டியிருந்தது. என் மகனுக்கு ஓர் ஆணி போதும்.

உசிலம்பட்டிப் பக்கம் வெள்ளைக்காரன் கோபுரம்கூட இல்லாமல் சாதித்தான். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று சொல்லி ரேகை உருட்டினான், ஆண்களை ராத்திரி போலீஸ் கண்ணெதிரே படுக்கவைத்தான். 1920-ல் பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை வைக்கமாட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திக் குண்டு வாங்கினார்கள். நான் டப்பாவை மூடிவிட்டேன்.

கேமராவில் கூடம் தெரியும், அலமாரி தெரியும், நான் தெரிவேன். என் சம்சாரம் சீரியல் பார்க்கிற நாற்காலி மட்டும் தெரியாது. ஆணி எங்கே அடிக்கணும் என்று கைகாட்டினவள் அவள்.

நேற்று கேமராக் கண்ணில் சிலந்தி வலை கட்டிவிட்டது. மகனுக்குப் படம் மங்கியிருக்கும் என்று அலமாரிப் பக்கம் மெல்ல நகர்ந்தேன். நாற்காலியிலிருந்தே குரல் வந்தது: "ஏங்க, சும்மாதான நிக்கிறீங்க, அந்த ஒட்டடைய அடிச்சு விடுங்க." ஸ்டூலை நானே தூக்கிவந்து போட்டேன்.