வெட்டண்ணை

எல்லா ஊரிலும் ஒரு வெட்டண்ணை இருப்பார். கத்தியோடு திரிகிற ஆள் என்று பயப்பட வேண்டாம். அவர் வெட்டுவது டயரைத்தான். கம்பனி வார்த்து அனுப்பிய டயரை அப்படியே பூட்டுகிறவன் அவர் கண்ணுக்கு, சந்தையில் வாங்கிய மீனைச் செதிலோடு சட்டியில் போடுகிறவன்.

மன்னாரின் கீரியில் அவரைத் தேட விலாசம் தேவையில்லை. கடற்காற்றில் கருவாட்டு மணம் வருவது வழமை. அதற்குள் றப்பர் கருகுகிற மணமும் கலந்து வந்தால் அந்த முற்றம்தான். வேம்பின் கீழ் ஒரு டயர் படுத்திருக்கும். பக்கத்தில் சவர்க்காரத் தண்ணீர், ஒரு வெண்கட்டி, சின்னக் காஸ் அடுப்பு. ஆயுதம் அவரே செய்தது: இரும்பறுக்கிற வாளின் அலகைத் தீட்டி, வாய்க்கால் போல வளைத்து, மரப்பிடி போட்டது. அதைச் சூடாக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து றப்பருக்குள் இறக்கினால் வெண்ணெய்க்குள் போவது போலப் போகும். சீவல் சுருள் சுருளாக விழும். பார்த்துக்கொண்டிருக்க நல்லாய்த்தான் இருக்கும். டயர் நம்முடையதாக இல்லாதவரை.

வெட்டுகளுக்குப் பெயரும் உண்டு. மீன்முள்ளு வெட்டு, நண்டுக்கால் வெட்டு. விலை கூடியது திருக்கைவால் வெட்டு. மூன்றுக்கும் வித்தியாசம் கேட்டால், "ஓடிப் பார் தம்பி, தெரியும்" என்பார். ஓடிப் பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை.

அவருடைய பொற்காலம் எரிபொருள் வரிசைக் காலம். 2020 இல் வாகன இறக்குமதி நின்றது. திரும்பத் திறந்தது 2025 இல். இடையில் 2022 வந்தது. அந்த வருசம் புது டயர் வாங்குவதும் நகை வாங்குவதும் ஒன்றாகிப் போக, ஊரில் உள்ள மொட்டை டயரெல்லாம் வேம்படிக்கு உருண்டு வந்தது. சில லொறி டயர்களின் பக்கச் சுவரில், தேய்ந்தபின் மறுபடி வெட்டலாம் என்று கம்பனியே எழுதியிருக்கும். அதற்கென்று அடியில் மேலதிக றப்பரும் வைத்திருப்பான். ஓட்டோ டயரில் அப்படி ஒன்றும் இல்லை. அண்ணை சுவரெழுத்து வாசிக்கிற ஆளும் இல்லை. ஒருதரம் அலகு கொஞ்சம் ஆழமாய் இறங்கி உள்ளே இருந்த நூல் வெளியே எட்டிப் பார்த்தது. ஓட்டோக்காரப் பெடியன் திகைத்துப் போனான்.

"அண்ணை, நூல் தெரியுது."

"தெரியட்டும். அதுதான் இனி எவ்வளவு தேயலாம் எண்டதுக்கு அடையாளம்."

இதை வைத்து அவரைப் பொய்க்காரர் என்று எழுதிவிட்டால் பாவம். மனுசனுக்குத் தொழில் தெரியும். அவர் அதைப் படித்தது பாலத்துக்கு அங்கால், முருங்கன் பக்கம், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்களில். அங்கே மண் கறுப்புக் களி. மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு ஆளை மட்டும் அனுப்புகிற மண். உழவு இயந்திரமோ கெப்போ உள்ளே இறங்கினால், டயரின் இடுக்கெல்லாம் களி அடைத்து, கொஞ்ச நேரத்தில் டயர் கொழுக்கட்டை ஆகிவிடும். அப்போது பெரிய றப்பர்க் கட்டி ஒவ்வொன்றையும் நடுவால் பிளந்துவிட்டால் கதை வேறு. பிளந்த கட்டி பாரத்தில் வளைந்து நிமிரும். நிமிரும்போது களியை உதறும். ஒரு விளிம்பு இருந்த இடத்தில் இரண்டு விளிம்பு நின்று கடிக்கும். அளவு தப்பினால் கட்டியே பிய்ந்து போகும் என்பது வேறு விசயம். முருங்கனில் அண்ணை சொன்னது வேதவாக்கு.

பிசகு என்னவென்றால், அவர் வீடு கீரியில் இருக்கிறது. கீரியில் களி கிடையாது. மணல்.

மணல் ஒட்டாது, அடைக்காது, கடிக்கவும் விடாது. மணலில் டயர் மிதக்க வேண்டும். கூரான விளிம்பு ஒவ்வொன்றும் அங்கே ஒரு மண்வெட்டி. பாக்னோல்ட் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி 1920களின் கடைசியில் போர்ட் கார்களோடு லிபியப் பாலைவனத்தில் அலைந்தவர். புதைந்து புதைந்து அவர் கண்ட வைத்தியங்களில் ஒன்று, டயரின் காற்றைக் குறைப்பது. காற்றுக் குறைந்த டயர் ஒட்டகப் பாதம் போலப் பரந்து உட்காரும். 1941 இல் அந்த மனுசன் மணல் காற்றில் பறப்பதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். டயரில் இன்னும் நாலு வரி போடுவதை விட அது பிரயோசனமான வேலை.

போன சோளகத்தில் ஒரு பின்னேரம், மருமகனுடைய கெப்புக்கு நாலு டயரிலும் திருக்கைவால் வெட்டுப் போட்டு, படகு இழுத்துக் காட்டுகிறேன் என்று அண்ணை கரைக்கு இறக்கினார். படகைக் கொளுவும்வரை எல்லாம் சரி. அக்சிலேற்றரை மிதித்தார். வெட்டுகள் வேலை செய்தன, அதை மறுக்க முடியாது. நாலு சில்லும் நாலு கிணறு தோண்டின. ஒரு நிமிசத்துக்குள் கெப் அச்சில் குந்திவிட்டது. கரைவலைக்காரர் கயிற்றை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். மன்னார்க் கழுதைகளும் மூன்று வந்தன. அராபிய வணிகரோடு வந்த பரம்பரை என்று சொல்லப்படுகிற அவை, எத்தனையோ பேர் இந்த மணலில் புதைந்ததைப் பார்த்த முகத்தோடு நின்றன.

"வெட்டு ஆழம் காணாது," என்றார் அண்ணை, கதவுக்குள் இருந்தபடி. "இன்னும் ரெண்டு மில்லிமீற்றர் இறக்கியிருக்க வேணும்."

வயதான சம்மாட்டி ஒருவர் ஒன்றும் பேசவில்லை. படகைக் கழற்றச் சொன்னார். ஈர்க்கு ஒன்றை முறித்தார், குந்தினார், வால்வில் வைத்து அமத்தினார். உஸ்ஸ் என்று காற்று போனது. ஒவ்வொரு சில்லாக நாலையும் சுற்றி வந்தார். டயர்கள் வயிறு தள்ளி உட்கார்ந்ததும், "மெள்ள எடு, மிதிக்காத," என்றார். கெப் கிணற்றிலிருந்து ஏறி, கழுதைகளைத் தாண்டி, தார் ரோட்டில் போய் நின்றது.

அண்ணை இறங்கி வந்து டயரைத் தட்டிக் கொடுத்தார். "பாத்தீங்களா, கடைசியில வெட்டுப் பிடிச்சிட்டுது."

அடுத்த கிழமை அதே சம்மாட்டி வேம்படிக்கு வந்தார். நான் தகராறு என்று நினைத்தேன். மனுசன் காலில் கிடந்த றப்பர்ச் செருப்பைக் கழற்றி அண்ணைக்கு முன்னால் போட்டார். படகுத் தட்டு ஈரத்தில் வழுக்குகிறதாம். றப்பரில் மெல்லிய கீறல் போடுகிற வித்தைக்கு 1923 இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஜோன் சைப் என்பவரும், வழுக்குகிற இடத்தில் நின்று வேலை பார்த்துத் தன் சப்பாத்தின் அடியைத்தான் முதலில் கீறினார் என்று ஒரு கதை உண்டு. ஒரு கதையில் அவர் இறைச்சிக்கூடத்து ஆள். இன்னொன்றில் கப்பல் தட்டில் நின்றவர். அண்ணைக்கு இதெல்லாம் தெரியாது. செருப்பைத் திருப்பிப் பார்த்தார், வெண்கட்டியால் கோடு போட்டார், அலகைச் சூடாக்கினார்.

"மீன்முள்ளு வெட்டா, திருக்கைவால் வெட்டா?"

"ஏதோ ஒண்டைப் போடு," என்றார் சம்மாட்டி. "இதுக்குக் காத்துத் திறந்து விடுற வேலை இல்லைத்தானே."